கண்ணாடி முன் ஓர் ஆசிரியை



கம்பம் மெட்டுச் சாலையில் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாகப் புறப்படும் வைகறை வேளை. கடந்த தை மாதத்தில் ஒருநாள், திருப்பலிக்காக நாம் கோவில் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தூக்குவாளியும் கையுமாக வந்து நின்றார். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“தோத்திரம் சாமி. எம் மக இனிமேப் படிக்கப் போகமாட்டேங்கிறா. நாளையிலருந்து எங்கூடக் காயெடுக்க வர்றாளாம். ரெண்டு வருசப் படிப்புல இன்னும் மூணு மாசந்தான் பாக்கி. நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க சாமி” என்றார். மறுமொழிக்குக் காத்திராமல் ஓடிப் போய் ஜீப்பின் பின்புறம் தொற்றிக்கொண்டார்.

அப்பெண் பள்ளத்தாக்குக்கு வெளியே ஒரு நிறுவனத்தில் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சி பெற்று வந்தவள். அவளுக்குக் கட்டணம் கட்டத் தாய் எத்தனை நாள் மலையேறியிருப்பார் என்பதை நாம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை; இத்தகைய கணக்கு நம் வீடுகளில் பலவற்றில் உண்டு. மாலையில் அவளை அழைத்து வினவினோம். நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு தன் கைப்பேசியை எடுத்து மேசைமீது வைத்து, “நீங்களே பாருங்க ஃபாதர்” என்றாள்.

அது இருபது மணித்துளி ஒளிப்பதிவு. கற்பித்தல் பயிற்சிக்காக அவள் சென்ற பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் கற்பிக்கிறாள். உடன் பயிலும் தோழி ஒருத்தி வகுப்பின் கடைசியில் நின்று பதிவு செய்திருக்கிறாள். பாடத்தைப் பதிவுசெய்து, பின்னர் பார்த்து, நிறைகுறைகளை எழுதித் தருமாறு பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். நோக்கம் நல்லதே. ஆனால் அப்பதிவு அவள் கண்ணில் படும் முன்னரே வகுப்பினர் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அவள் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் “புரிஞ்சுதா?” என்று கேட்கிறாள். யாரோ எண்ணிப் பார்த்து “முப்பத்தெட்டு” என்று எழுதினார்கள். மறுநாள் முதல் அவள் நுழையும் இடமெல்லாம் “புரிஞ்சுதா?” என்ற குரல் எழுந்தது. அன்று பூட்டிய புத்தகத்தை அவள் பின்னர் திறக்கவில்லை.

இவ்விடத்தில் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்து கோவில்கள் மூடப்பட்டபோது, நம் பங்கு இளைஞர்கள் செல்போனை ஒரு முக்காலியில் கட்டி வைத்து ஞாயிறு திருப்பலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அன்று மாலை அதை நாமும் பார்த்தோம். குருமடத்தில் மறையுரைப் பயிற்சியின்போது எங்கள் குரலை ஒலிநாடாவில் பதிந்து கேட்கச் செய்ததுண்டு. தன் குரலைத் தானே கேட்கும் கூச்சம் அன்றே ஓரளவு பழகிவிட்டது. உருவத்தைக் காண்பது வேறு. எதிரே ஒருவரும் இல்லாத கோவிலில், பிரசங்கம் முழுவதும் நாம் ஆண்கள் அமரும் பக்கத்தை நோக்கியே பேசிக்கொண்டிருந்தோம். பெண்கள் அமரும் பக்கம் ஒருமுறைகூட முகம் திரும்பவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் பிரசங்கம் செய்திருக்கிறோம். இதை ஒருவரும் நமக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா என்பதும் ஐயமே. அந்தப் பதிவை அன்றிரவே அழித்துவிடச் சொல்லலாமா என்று தோன்றியதை மறைப்பானேன்?

ஆகவே அப்பெண்ணின் துன்பம் நமக்கு விளங்கியது. ஆனால் விளங்குவது வேறு, உதவுவது வேறு. நான்காம் வகுப்புக்குப் பின்னம் கற்பிக்கும் வகை நமக்கென்ன தெரியும்? நம் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் “டீச்சரக்கா”தான். அவரை அழைத்து வந்தோம்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “இது எங்க காலத்துப் பாடம்தானே! எங்களுக்குத்தான் பெட்டி கிடைக்கல” என்றார். 1981-ஆம் ஆண்டு கல்வியியல் பட்டப் படிப்பின்போது தாம் பெற்ற நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். நம் வீடுகளில் பலர் ஆசிரியர்கள். சிலருக்கு இது பழங்கதை. ஏனையோருக்காகச் சற்று விரித்துரைப்போம்.

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் என்பவரும் அவருடைய உடன்பணியாளர்களும் ஆசிரியப் பயிற்சியைச் சிறு துண்டுகளாக்கிப் பார்த்தார்கள். புதிதாய்ப் பயில வந்தவரை முழு வகுப்பின் முன், முழுப் பாடத்தோடு நிறுத்தினால், நீந்தத் தெரியாதவனை முல்லைப்பெரியாற்று வெள்ளத்தில் தள்ளியது போலாகும் அல்லவா? அதனால் ஐந்தாறு மாணவர், ஐந்தாறு மணித்துளி, ஒரே ஒரு திறன் என்று வரம்பு கட்டினார்கள். கேள்வி கேட்கும் திறன் ஒருநாள், கரும்பலகையில் எழுதும் திறன் மறுநாள். அப்போதுதான் கைக்கு எட்டத் தொடங்கியிருந்த வீடியோ நாடாவில் அதைப் பதிந்து, கற்பித்தவருக்கே உடனே காட்டி, திருத்திக்கொண்டு அதே பாடத்தை வேறு மாணவர்க்கு மீண்டும் கற்பிக்கச் செய்தார்கள்.

இம்முறை நம் நாட்டுக்கு விரைவிலேயே வந்தது. 1967-இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி என்பவர் இதனைக் கையாண்டார். 1970-களில் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் உயராய்வு மையத்திலும் இந்தூரிலும் பி.கே. பாஸி முதலியோர் இதை நம் சூழலுக்கேற்ப வளர்த்தார்கள். சென்னைத் தரமணியில் பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் போன்ற ஓரிரு இடங்களில் மூடிய சுற்றுத் தொலைக்காட்சிக் கருவி இருந்தது. மற்றக் கல்லூரிகள் வீடியோவுக்கு எங்கே போகும்? சென்னையில் தொலைக்காட்சி நிலையமே 1975-இல்தான் தொடங்கியது. ஆகவே நம்மவர் கருவியை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டனர். உடன் பயில்வோரே மாணவராய் அமர்ந்தார்கள். ஒருவர் கையில் குறிப்புத்தாள் இருக்கும். குறித்த செயல் நிகழும்போதெல்லாம் அதில் ஒரு கோடு இழுப்பார். 6 மணித்துளி கற்பித்தல், 6 மணித்துளி கருத்துரை, 12 மணித்துளி திருத்தித் திட்டமிடல், 6 மணித்துளி மறுபடி கற்பித்தல், மீண்டும் 6 மணித்துளி கருத்துரை. ஆக 36 மணித்துளி என்பது இந்திய மாதிரியின் கணக்கு. இன்றும் நம் கல்வியியல் கல்லூரிகளில் இக்கணக்கு மனப்பாடம். (மனப்பாடமாக மட்டும் இருக்கிறது என்று டீச்சரக்கா முணுமுணுத்தார், அவர் நாவு சற்றுக் கூரியது.)

இக்கணக்கில் நம் கருத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. கற்பிப்பதற்கு 6 மணித்துளி. ஆற அமர எண்ணித் திருத்துவதற்கு அதைப்போல் இரு மடங்கு. கருவி இல்லாத அந்நாளில் தோழமை இருந்தது. கோடு இழுத்தவர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். அடுத்த முறை அவர் கற்பிக்க, இவர் கோடு இழுக்க வேண்டும். ஆகவே ஏளனம் செய்ய அஞ்சினார்கள். இன்று ஆடு மேய்ப்பவர் கையிலும் ஒளிப்பதிவுக் கருவி இருக்கிறது. எதிரே அமர வேண்டியவர்தான் இல்லை.

டீச்சரக்கா அப்பெண்ணிடம் சொன்னது இது: “முதல் தடவை பாக்கும்போது உன்னையே பாரு. புடவைக் கட்டு, குரல், முடி எல்லாத்தையும் பாத்துத் தீத்துக்க. அழணும்னா அழு. ரெண்டாந் தடவை உன்னைப் பாக்கவே கூடாது. பிள்ளைகளை மட்டும் பாரு.”

அனுபவத்தால் அவர் சொன்னதை ஆய்வாளர்களும் கூறியிருக்கின்றனர். பிரான்சிஸ் புல்லர், பிராட் மேனிங் என்னும் இருவர், தம்மைத் தாமே படத்தில் காணும் ஆசிரியர்களைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதலில் மனிதர் கண்ணில் படுவது தம் உருவமே. அது மனத்தை அழுத்தக்கூடும். தன்னம்பிக்கை குன்றியவரைத் தனியே அப்பெட்டியின் முன் அமர்த்துவது தீமையாகவும் முடியலாம் என்று அவர்கள் எச்சரித்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டது இது. அக்குழுவில் “முப்பத்தெட்டு” என்று எழுதிய கைகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும்.

நம் அலுவலக அறையில் இரண்டாம் முறையாகப் பதிவு ஓடிற்று. வகுப்பின் பின்னாலிருந்து எடுத்ததால் பிள்ளைகளின் முதுகுகளே தெரிந்தன. இத்தகைய பதிவுக்குக் கைப்பேசியைக் கரும்பலகையோரம் வைக்க வேண்டும், ஆசிரியை ஓரத்தில் தெரிந்தால் போதும் என்றார் டீச்சரக்கா. எனினும் பின்னாலிருந்து எடுத்ததாலேயே ஒன்று அகப்பட்டது. ஏறத்தாழப் பதினோராவது மணித்துளியில் அவள் ஒரு தாளைப் பாதியாக மடித்துக் காட்டி, “பாதியில பாதி எவ்வளவு?” என்று கேட்கிறாள். பதிவின் கீழ் மூலையில், கடைசி வரிசைப் பையன் ஒருவனின் கை மேசைக்கு மேல் மெல்ல எழுகிறது. காதளவு வந்திருக்கும். அதற்குள் அவளே “கால்! புரிஞ்சுதா?” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறாள். கை இறங்குகிறது. அதன்பின் இருபதாம் மணித்துளி வரை அந்தக் கை எழவே இல்லை.

முப்பத்தெட்டு எண்ணியவர் எவரும் அந்தக் கையைக் காணவில்லை. நாமும் முதல் முறை காணவில்லை. அப்பெண்தான் கண்டாள். “நிறுத்துங்க ஃபாதர்” என்றவள், அந்த நான்கு நொடிகளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் அழுதது தனக்காக; இப்போது அழவில்லை. “அவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் நூற்றுக்கணக்கான வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டதை டீச்சரக்கா அப்போது நினைவூட்டினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்களாம். அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்பார்கள், அல்லது தாமே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கினால் போதும். பிள்ளைகளின் விடை நீள்கிறது, வாய் திறவாதவர் திறக்கிறார்கள், “தெரியாது” என்பது குறைகிறது. மூன்று நொடி அமைதியாயிருப்பது எளிதென்று எண்ணுவோர் இன்றிரவு செபமாலைக்குப்பின் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து பார்க்கட்டும்!

“நான் எப்படிக் காத்திருப்பேன் தெரியுமா?” என்றார் டீச்சரக்கா. “கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள ‘சேசு, மரி, சூசை’ன்னு நிறுத்திச் சொல்லுவேன். மூணு பேரு, மூணு நொடி. முப்பத்து மூணு வருசம் அப்படித்தான் ஓடிச்சு.” “புரிஞ்சுதா”வைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நாம் கேட்டபோது, “அது மௌனத்துக்குப் பயந்து சொல்ற சொல்லு சாமி. மௌனம் பழகினா அது தானாப் போயிரும்” என்றார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருத்த வேண்டும் என்பது அவருடைய பழைய பயிற்சியின் சட்டம்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பின், ஐந்து பிள்ளைகளைக் கோவில் தாழ்வாரத்தில் அமர்த்தினோம். அவர்களுடைய வீடுகளுக்கு முந்தின நாளே சென்று பெற்றோரிடம் கேட்டோம். ஒரு தந்தை, “படம் எங்கெல்லாம் போகும் சாமி?” என்றார். மிகச் சரியான கேள்வி. எங்கும் போகாது, ஆசிரியையும் டீச்சரக்காவும் பார்த்தபின் அழிக்கப்படும் என்று சொன்ன பிறகே அவர் இசைந்தார். 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதோர் தொடர்பாகப் பெற்றோரின் இசைவையே பொதுவிதியாக வைக்கிறது. சட்டம் இல்லாவிடினும் கேட்பதே முறை. பள்ளியில் பிள்ளையைப் படம் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டால், நீங்களும் அந்தத் தந்தையைப் போல் கேளுங்கள். கேட்பது ஆசிரியரைப் பகைப்பதாகாது.

ஆறே மணித்துளி. கைப்பேசி முன்புறம் ஒரு தூணில் சாய்ந்திருந்தது. தாளை மடித்தாள். “பாதியில பாதி எவ்வளவு?” என்றாள். உதடு அசையவில்லை, ஆனால் அவள் மனத்துக்குள் மூன்று பெயர்களும் கடந்து சென்றதை நாம் அறிவோம், ஏனெனில் நாமும் தூணுக்குப் பின் நின்று சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் பெயருக்குப் பிறகும் ஒருவரும் பேசவில்லை. அவள் இன்னும் சற்றே காத்தாள். அப்போது ஒரு சிறுமி, “அக்கா, இன்னொரு தடவை மடிச்சா நாலு வரும்ல, அதுல ஒண்ணு” என்றாள். “கால்” என்ற சொல் அச்சிறுமிக்குத் தெரியாது. பொருள் தெரிந்திருந்தது. அந்த ஆறு மணித்துளியில் “புரிஞ்சுதா” நான்கு முறை வந்ததாக டீச்சரக்கா தாளில் கோடு இழுத்திருந்தார். அத்தாளை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார், காட்டவில்லை.

பதிவு அன்று மாலையே அழிக்கப்பட்டது. அழிக்கும்போது அப்பெண் சற்றுத் தயங்கினாள் என்பதையும் எழுதி வைக்கிறோம்.

பயிற்சி நிறுவனங்களை நடத்துவோர் சிலரும் இவ்விதழைப் படிக்கிறார்கள் என்று அறிவோம். 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. நம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தில் அது இயங்குகிறது. கல்வியியல் பட்டப் படிப்பு 2015 முதல் ஈராண்டாக நீட்டப்பட்டதும், வகுப்பறையில் பழகும் காலம் கூட வேண்டும் என்னும் நோக்கத்தையும் கொண்டதே. காலம் கூடியிருக்கிறது, கருவி கிடைத்திருக்கிறது. உங்களை வேண்டிக்கொள்வது சிறிதே: பதிவு எவருடையதோ அவரிடமே முதலில் சேரட்டும், அவர் விரும்பியவரோடு அமர்ந்து பார்க்கட்டும், அதற்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால், பிள்ளைகளுக்கு முன்னரே விடை சொல்லிக் கொடுத்து, ஒத்திகை பார்த்து, குறையே இல்லாத நாடகம் ஒன்றைப் பதிவு செய்து தருவார்கள். அதில் கடைசி வரிசைக் கை அகப்படாது. மேலதிகாரிகள் வரும் நாளில் வகுப்பறைகளில் நடப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஒன்று. பயிற்சியில் இருக்கும் மகளோ மருமகளோ வீட்டில் தன் பாடத்தைப் பதிவில் பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் நின்று எட்டிப்பார்த்துச் சிரிக்காதீர்கள். அண்ணன்மார்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

அந்தத் தாய் இன்றும் ஜீப்பில் போகிறார். மகள் உடன் செல்லவில்லை. படிப்பை முடித்தாள், தேர்வு எழுதியிருக்கிறாள். கற்பித்தல் பயிற்சியின் கடைசி வாரத்தில் அதே பள்ளிக்குத்தான் அனுப்பப்பட்டாள் என்றும், அந்தப் பையனைப் பெயர் சொல்லி அழைத்து மூன்று பெயர் அளவு காத்திருந்ததாகவும் சொன்னாள். “என்ன சொன்னான்?” என்றோம். “தப்பாச் சொன்னான் ஃபாதர். ஆனா பெரிசாச் சொன்னான்” என்றாள்.

சென்ற மாதம் அவள் நம்மிடம் ஒரு கோரிக்கை வைத்தாள்: “உங்க பிரசங்கத்தையும் ஒருநாள் எடுக்கட்டுமா ஃபாதர்?” மறுக்க வழியில்லை. டீச்சரக்கா உடன் அமர வேண்டும், வேறெவர்க்கும் அனுப்பக் கூடாது என்னும் நிபந்தனைகளோடு இசைந்தோம். முதல் பார்வை முடிந்துவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் மறையுரை எட்டு மணித்துளியைத் தாண்ட வேண்டாம் என்று குருக்களைக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும், நமது பதினாறு. “ஆகவே அன்பார்ந்தவர்களே” என்பது எத்தனை முறை வந்தது என்று டீச்சரக்கா கோடு இழுத்த தாளைக் கேட்டோம். வழக்கம்போல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் பார்வை வரும் புதன்கிழமை, மாலைச் செபத்திற்குப் பின். அப்போது நம்மைப் பார்க்கக் கூடாதாம், பெண்கள் பக்கத்தில் யார் யார் உறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.